யெஃபிம் அனுப்பிய பெட்டி

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் பழைய மாதிரி எழுதியவன் மிரோஸ்லாவா கண்ணில் பட்டால் தொலைந்தான். வெளிநாட்டுப் பத்திரிகையோ விமானக் கம்பெனியோ, ரஷ்யர் வாயில் வருகிற 'கார்கோவ்' வேண்டாம், எங்கள் வாயில் வருகிற 'கார்கிவ்' என்று எழுது என்று கடிதம் போடாமல் விடமாட்டாள். அதில் நியாயமும் இருந்தது. குண்டு போடுகிறவன் கூப்பிடுகிற பெயரை எவள் பொறுப்பாள்?

பகலெல்லாம் அவளுக்குத் தொண்டர் கிடங்கில் உதவிப் பெட்டிகளைப் பிரிக்கிற வேலை. நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'கார்கோவ்'. உள்ளே என்ன என்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டாள். அனுப்பியவர் பெயரை மறைக்காமல் படம் எடுத்து, "ஊர் பேரே எழுதத் தெரியல, இவருக்கு உதவி ஒண்ணுதான் கேடு" என்று இணையத்தில் போட்டாள். நாலாயிரம் பேர் சிரித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போர்முனையிலிருந்து தம்பி தானிலோ அழைத்தான். புது பூட்ஸ் வந்தபிறகு கால் விறைக்கவில்லையாம். கூட இருக்கிற பன்னிரண்டு பேர் இன்னும் கிழிந்ததோடு பனியில் நிற்கிறார்களாம்.

"நீ படம் போட்டியே அக்கா, அந்தப் பெட்டிதான். உள்ள சீட்டு இருந்துச்சு. யெஃபிம்னு பெரியவரு, நம்ம டிராக்டர் ஃபேக்டரிகிட்ட பொறந்தவராம். இன்னும் கிடைக்குமான்னு அவர்கிட்ட கேளேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. படத்தை அழித்தாள். ஆனால் சிரித்த சிரிப்பை யார் அழிப்பது? மன்னிப்புக் கடிதம் எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். எந்த முகத்தோடு பூட்ஸ் கேட்பது என்று கடைசிவரை அனுப்பவேயில்லை. பெரியவரிடம் கேட்டுவிட்டதாகத் தம்பியிடம் பொய் சொன்னாள்.

டிசம்பரில் அவர் பெயரிலேயே இன்னொரு பெட்டி வந்தது. முதலில் எழுதிய முகவரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஸ்கேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக எழுதியிருந்தார்: கார்கிவ். உள்ளே பதினாறு ஜோடி பூட்ஸ், ஒரு கடிதம்.

"அம்மா மிரோஸ்லாவா, நான் படிச்சப்ப அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இங்க வந்து நாப்பத்தஞ்சு வருசமாச்சு, மாத்துனது தெரியல. நீங்க போட்டத என் மக காட்டினா. மன்னிச்சுக்கங்க. இப்ப சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் படம் போடுங்க."

அடுத்த மேசையில் பெட்டி பிரிக்கிற இன்னா என்பவள் எட்டிப் பார்த்து, இந்தத் தடவையாவது மனுசர் ஒழுங்காக எழுதினாரா என்று கேட்டாள். மிரோஸ்லாவாவால் தலை நிமிர முடியவில்லை.

"அவரு திருத்தி எழுதிட்டாரு," என்றாள். "நான் எழுதினத அவரு படிச்சுட்டாரு."