நாற்பத்து நான்குக்கு மேல்

நான்கு துறைக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொள்ளச் செய்வதுதான் என் வேலை. சம்பளச் சீட்டில் இதற்கு ‘ஆய்வு ஒருங்கிணைப்பாளர்’ என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்துதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

மனிதரும் அவர்கள் வாழும் சூழலும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. சுருக்கமாகச் சொன்னால், வெயில் காலத்தில் வீட்டுக்குள் எவ்வளவு சூடு, ஜனங்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது. அதற்காக ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு உள்ளங்கை அளவு வெப்பக் கருவி மாட்டியிருந்தோம். எங்கள் அறிக்கையில் கடைசி மாடிதான் ரொம்பச் சூடு என்று வந்தால் அதற்கு, வெயில் முற்றுவதற்குள் புதுக் கூரை போட்டுத் தருவதாகக் குடியிருப்பு அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டிடத்தின் கடைசி மாடியில்தான் என் அண்ணன் இருக்கிறார். பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவர். மாடியை யாரோ பிற்பாடு சேர்த்துக் கட்டி, மேலே தகரத்தைப் போட்டுவிட்டார்கள். அண்ணி எட்டு மாதக் கர்ப்பிணி. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இந்தச் சூட்டில் இவளை வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. வேறு எங்கே வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அறிக்கையின் வரைபடத்தை அன்றுதான் திரையில் போட்டார்கள். கூட்ட அறையில் ஏசிக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கீழ் மாடி மஞ்சள், நடு மாடிகள் ஆரஞ்சு. கடைசி மாடி மட்டும் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது.

“அந்த மாடி எங்க சார்?” என்று கேட்டேன்.

“தூக்கிட்டேன்” என்றார் புள்ளியியல்காரர். “எல்லாம் நாப்பத்து நாலைத் தாண்டிப் போகுது. கருவிக் கோளாறு.”

“கோளாறுன்னு எப்படித் தெரியும்?”

“வீட்டுக்குள்ள அவ்வளவு சூடு இருந்தா ஆளு இருக்க முடியாதே மேடம். ஆளு இருக்காங்க. அப்ப சூடு தப்பு.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. “என் அண்ணன் இருக்கார் சார். என் அண்ணி இருக்கா. முடியாமத்தான் இருக்காங்க!”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “போன ஆய்வுல ஒருத்தர் கருவியை அடுப்புப் பக்கத்துல வச்சிட்டாரு. வர்றதையெல்லாம் நம்பினா நாளைக்கு என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க” என்றார். கட்டிடப் பொறியாளர் இதுதான் சாக்கென்று, தையல் மெஷின் மோட்டாரிலிருந்து எவ்வளவு சூடு வரும் என்று ஆரம்பித்தார். வீட்டுக்கு வீடு தையல் மெஷினா வைத்திருக்கிறார்கள்? உளவியல் மேடம், “சூடுங்கிறது பாதி மனசுல இருக்கு” என்றார். போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

கடைசியில் எங்கள் ஆய்வுத் தலைவர் அம்மா ஒரு வழி சொன்னார். அண்ணன் வீட்டில் புதுக் கருவி ஒன்றை ஒரு வாரம் மாட்ட வேண்டும். அது ஒழுங்காகக் காட்டினால் மொத்த மாடியையும் அறிக்கையில் சேர்த்துவிடலாம். “ஆனா உங்க சொந்தக்காரங்க வீடு. மாட்டிட்டு வந்துடுங்க. அந்த வாரம் நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது” என்றார். நியாயம்தான். அண்ணன் வீடு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

அன்று மதியமே கருவியோடு போனேன். படி ஏற ஏறச் சூடும் கூடவே ஏறியது. அண்ணி வாசல் ஓரமாக வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அண்ணன் மெஷினில் உட்கார்ந்து, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த ஒரே ஃபேன் அண்ணியின் பக்கம் திரும்பியிருந்தது.

“வாடி வாயாடி! மறுபடியும் பொட்டியா? பழசுக்கு என்ன வந்துச்சு?” என்றார் அண்ணன்.

கடுப்பில் எல்லாவற்றையும் கொட்டினேன். “நாப்பத்து நாலைத் தாண்டினா தூக்கிப் போட்டுடுவாங்களாம் அண்ணா! நம்பவே மாட்டாங்களாம். அதுக்குள்ள இருந்தாத்தான் நம்ம வீடு கணக்குலயே வருமாம். எங்க போய் முட்டிக்கிறது சொல்லு!”

“அப்படியா விஷயம்” என்றார் அண்ணன்.

“இந்த ஒரு வீட்டை நம்பிட்டா மொத்த மாடிக்கும் கூரை வரும். இல்லேன்னா ஒண்ணும் கிடையாது.”

அண்ணி எழுந்து உட்கார்ந்து, “இதையாவது நம்பணுமே” என்றாள். கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு இறங்கினேன். திட்டித் தீர்த்ததில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அறிக்கை போகவேண்டிய அன்று காலையில் புள்ளியியல்காரர் சிரித்த முகமாக வந்தார். “நான்தான் சொன்னேனே மேடம். புதுக் கருவி ஒழுங்கா இருக்கு. சராசரி முப்பத்து மூணு. கட்டிடத்துலயே குளுமையான வீடு உங்க அண்ணன் வீடுதான்!”

அப்படியென்றால் கூரை கிடையாது. இருக்கவே முடியாது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், மதியம் வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். தலைவர் அம்மா, “சூடா வந்தா நம்பச் சொன்னீங்க, குளிரா வந்தா நம்பாதீங்கன்னு சொல்றீங்க. எதையாவது ஒண்ணைப் பிடிங்கம்மா” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. ஃபேன் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் எங்கள் கருவி, ஈரத் துணி சுற்றி, குளித்துவிட்டு வந்த குழந்தையைப் போல ஜம்மென்று தொங்கியது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வாளிக்குப் பக்கத்தில் அண்ணி, முகம் ரத்தமாகச் சிவந்து, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைட்டி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

“என்ன அண்ணா இது!”

அண்ணன் பெருமையாகவே சொன்னார். “நீதானே சொன்னே, நாப்பத்து நாலைத் தாண்டினா நம்ப மாட்டாங்கன்னு? முதல்ல நாப்பத்து மூணுல நிறுத்தலாம்னுதான் பாத்தேன். துணி காஞ்சா ஏறிடுது, நனைச்சா சடார்னு இறங்கிடுது, நிக்கவே மாட்டேங்குது சனியன். எதுக்கு வம்புன்னு ஒரேயடியா குளிர வச்சிட்டேன். எனக்கு வேலை இருக்குல்ல, உங்க அண்ணிதான் பாவம், துணி காயக் காய எந்திரிச்சு எந்திரிச்சு நனைச்சா.”

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? துணியைப் பிடுங்கி வாளியில் போட்டேன். தலைவர் அம்மாவுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

“அடடா. அறிக்கை இப்பத்தான் போச்சேம்மா” என்றார். “திரும்ப வாங்கினா மொத்த ஆய்வையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.” அதற்குள் உளவியல் மேடம் போனை வாங்கியிருந்தார். “கருவிக்காக மனுஷங்க தங்களை மாத்திக்கிட்டாங்க பாருங்க! எவ்வளவு அருமையான விஷயம்! இதையே தனிக் கட்டுரையா எழுதலாம். அவங்க பேட்டி தருவாங்களான்னு கேளுங்களேன்.”

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன். அடுத்த வருஷமாம். அடுத்த மாதம் குழந்தை பிறக்கிறது.

துணி போன கருவியில் எண் ஏறத் தொடங்கியிருந்தது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கைச் சாவகாசமாகத் தாண்டி அது மேலே போனது.

அண்ணி ஒரு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். “என்னாச்சு? நம்பினாங்களா?”

“நம்பிட்டாங்க அண்ணி.”

“அப்பாடா” என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். “அப்ப இனிமே அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பிக்கலாமா?”