சீட்டுக்கு அடியில் ஒரு கப்ளர்

பட்டறையில் ஓடும், மணலில் ஓடாது. இப்படி ஒரு கம்ப்ரசரை வைத்துக்கொண்டு எந்த எலக்ட்ரீஷியனாவது நிம்மதியாகத் தூங்க முடியுமா? காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகியிருப்பதால் ‘டெஸ்டர்’ என்றே எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதனுக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. வெளியாள் வண்டி என்றால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பியிருப்பான். இது அக்கா புருஷனின் ஜீப்.

மாமா மணல்வெளிக்கு அப்பால் இருந்த வேலைத்தளத்துக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். மணலில் இறங்குமுன் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி புதைந்துபோகும். திரும்பி வரும்போது, மணல் முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில், வண்டியிலேயே இருக்கிற கம்ப்ரசரால் காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் ரோட்டில் ஓட்டினால் டயர் கந்தல்தான். அந்த இடத்தில் நாலைந்து வீடுகளும் ஒரு டீக்கடையும் உண்டு. கம்ப்ரசர் படுத்துவிட்டால் மாமா அங்கேயே தங்கிவிடுவார். காலையில் ஏதாவது லாரிக்காரனிடம் காற்று வாங்கிக்கொண்டு வந்து சேருவார். முதலில் எப்போதாவது நடந்தது, இப்போது வாரம் தவறாமல் நடந்தது.

மாமா சொல்வதை மட்டும் நம்பியிருந்தால் வேறு. கூடப் போகிற சூப்பர்வைசரும் சாட்சி சொன்னார். “என் கண்ணால பாத்தேன்ப்பா. சுவிட்ச போட்டா சிவப்பு லைட்டு ஜம்முனு எரியுது. கம்ப்ரசர் மூச்சு விடல. நான் கடைசி பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன். உங்க மாமாவுக்கென்ன குறை, அங்க அவருக்குச் சுடச்சுடச் சோறு கிடைக்குது.” டெஸ்டர் அப்போது சிரித்தான். சிரித்ததை நினைத்தால் பிறகு அவனுக்கே அவனை அறையலாம்போல இருந்தது.

அவன் செய்த தப்பு, சுவிட்சையே கட்டிக்கொண்டு அழுதது. டாஷ்போர்டில் அதை வைத்து ஒயர் இழுத்தது அவன் கை, அதனால் கோளாறும் அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டான். சுவிட்சை மாற்றினான். கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயை மாற்றினான். எர்த் கொடுத்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கினான். ஒவ்வொரு தடவையும் அக்காவிடம் போய், “இனிமே நிக்காதுக்கா, மாமா நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுவாரு” என்று மார்தட்டினான். அக்காவும் தலையாட்டினாள். அடுத்த வாரம் மாமா வரமாட்டார். “டெஸ்டர் கைபட்டா வண்டிக்குப் பேதி கண்டுடும்” என்று பக்கத்துப் பட்டறைக்காரன் வாய்விட்டே சொன்னான். இரண்டு வாடிக்கைக்காரர்கள் அவன் பக்கம் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் மாமா ஜீப்பை நிறுத்திவிட்டு, “பாரு மாப்ள, உன்னால முடியாததா” என்று தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். டெஸ்டர் சுவிட்சைத் தட்டினான். கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது. ஓடாமல் என்ன, பட்டறையில்தான் அது உத்தமனாயிற்றே.

வேறு வழி தெரியாமல் டிரைவர் சீட்டைக் கழற்றினான். அடியில் காற்று டேங்க், அதன் மேல் பிரஷர் சுவிட்ச். டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்துகிற சாமான் அது. ரிலேக்குப் போகிற ஒயர் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த ஒயரைக் கழற்றி மாட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்ளர் இருந்தது. அதைப் பிரித்துவிட்டால் டாஷ்போர்டில் சுவிட்ச் லைட் எரியும், கம்ப்ரசர் ஓடாது. சூப்பர்வைசர் சொன்னதும் அதேதான்.

லூஸாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சீட்டுக்கு அடியில் எல்லாவற்றின் மேலும் விரல்கனத்துக்கு மணல்தூசி அப்பிக் கிடந்தது. கப்ளர் மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதன் பூட்டு நாக்கு நகம் பட்டுப்பட்டுத் தேய்ந்து வழவழத்தது. உள்ளே பின்கள் புதுசாக மின்னின. தானாகக் கழன்ற கப்ளர் இப்படி இருக்காது. யாரோ கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பழகின கப்ளர் இது. யாரோ என்ன யாரோ, அந்தச் சீட்டில் உட்காருகிறவர் ஒருத்தர்தானே.

நாலைந்து வீடுகள். சுடச்சுடச் சோறு. அதை ஆக்கிப் போடுகிறவள் ஒருத்தி.

கப்ளரை வெட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். ஒயரை ஒயரோடு முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் உறை போட்டுச் சூடு காட்டினான். இனி அது பிரியாது. மாமா வந்ததும் சொன்னான்.

“கப்ளர்தான் மாமா கோளாறு. தூக்கிப் போட்டுட்டு நேரா பத்தவச்சுட்டேன். இனிமே யாராலயும் கழட்ட முடியாது.”

மாமா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

“கழட்டவே முடியாதா?”

“முடியாது.”

“சரி மாப்ள” என்றார். அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் அக்கா வீட்டுக்குப் போனான். ஜீப் வாசலில் நின்றது. மாமா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கப்ளர் விஷயத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“இந்தத் தடவ நிஜமாவே சரியாயிடுச்சுக்கா. இனிமே அங்க தங்கவேண்டி வராது.”

அக்காவின் கை நின்றது.

“என்னடா பண்ண? சீட்டுக்கு அடியில இருக்கறத எடுத்துட்டியா?”

சீட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் குழாயை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். “காலையில கிளம்பறப்ப சில நாள் குனிஞ்சு அடியில கைய விடுவாரு. இந்த ஜன்னல்லயிருந்து தெரியும். கைய விட்டா அன்னைக்கு ராத்திரி வரமாட்டாரு. நான் எனக்கு மட்டும் அரிசி போட்டுக்குவேன்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த? இப்பவே போய் நாலு வார்த்த நறுக்குனு கேக்கறேன்.”

“கேளு. கேட்டப்புறம் அவரு எதுக்குடா பொய் சொல்லணும்? நேரா துணிமணிய எடுத்துட்டுப் போயிடுவாரு.” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “வண்டி ரிப்பேருன்னு சொல்ல இருக்கறவரைக்கும் மறுநா காலையில வந்து நிக்கறாரு. அந்தச் சாக்கையும் நீ பிடுங்கிட்டா, தங்கறவரு அங்கயே தங்கிடுவாரு. போ, பழையபடி மாட்டிவிடு.”

“அக்கா.”

“உன் பேரு கெடுது, தெரியும். எனக்காகக் கெடட்டும்.”

அக்கா அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

வாசலுக்கு வந்தான். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சீட்டைத் தூக்கி, மத்தியானம் வைத்த ஈயத்தை வெட்டினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒன்றைப் பற்றவைத்ததில்லை. சட்டைப்பையிலிருந்து கப்ளரை எடுத்து, இரண்டு பக்கமும் ஒயரைச் சேர்த்து, ‘டிக்’ என்று பூட்டினான். பழக்கதோஷம், சுவிட்சைத் தட்டிப் பார்த்தான். கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது. உள்ளறையில் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, யாரும் எழுந்து வரவில்லை.

அக்கா ஜன்னலில் நின்றாள்.

“மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன்.”

“நாளைக்கு ராத்திரி சாப்பிட இங்க வந்துடுடா. ஒருத்திக்கு மட்டும் அளந்து போட வரமாட்டேங்குது.”

சரி என்றான். சீட்டைப் போட்டு போல்ட்டை முடுக்கினான்.