தம்பியைக் கூப்பிடும் பெயர்

மலேயா ரப்பர் தோட்டத்தில், பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதியிடம் சீனக் குடும்பமொன்று தன் பத்து நாள் பெண் குழந்தையைக் கொடுத்தது. கூடவே ஒரு சிவப்புத் தாள். அதில் இரண்டு சீன எழுத்துகள், அவள் பெயர்.

வளர்த்தவர்கள் வேம்பு என்று கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து அவர்களுக்கே வீரையன் பிறந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் குடும்பம் பேராவூரணிக்குத் திரும்பியது. தெருப் பிள்ளைகள் அவளை "சீனத்தி" என்று கத்தினால் வீரையன்தான் கல்லெடுத்து ஓடுவான்.

அந்த வருஷமே ஒரு மத்தியானம், ஊர்க் கால்வாயான புது ஆற்றில் இறங்கி நின்று வேம்பு கூப்பிட்டாள்: "வாடா தம்பி, ஆழமில்ல."

வந்தான். மதகுக்குக் கீழேதான் கிடைத்தான்.

கால் தவறி விழுந்தான் என்று வீட்டில் சொன்னாள். தான் கூப்பிட்டதைச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தாறு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் மகள் மதிவதனி, லீவில் வந்தபோது பீரோவில் அந்தத் தாளைப் பார்த்தாள். போட்டோ எடுத்து, கூட வேலை பார்க்கும் சீனத் தோழிக்கு அனுப்பினாள்.

"அம்மா, உங்க பேரு ஜியோ தி. 'தம்பியைக் கூப்பிடு'ன்னு அர்த்தமாம். பொண்ணு பொறந்தா, அடுத்தது பையனா வரணும்னு வைக்கிறதாம். நம்ம ஊர்ல போதும்பொண்ணுன்னு வைக்கிறாங்கல்ல, அப்படி."

"ஏதோ பூப் பேருன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் வேம்பு.

தோழி அந்தப் பெயரைக் குரலில் பதிந்தும் அனுப்பியிருந்தாள். வேம்பு அதை மூன்று தடவை போடச் சொன்னாள். பிறகு ஆற்றில் நடந்ததைச் சொன்னாள், முதல்முறையாக.

மதிவதனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சின்னப் புள்ளதானம்மா அப்ப." பிறகு கேட்டாள், "அந்தச் சீனக் குடும்பத்துல ஒரு தம்பி பொறந்திருப்பாரு. தேடிப் பாக்கட்டுமா?"

"வேணாம். நான் கூப்பிட்டா வந்துருவான்."

மகள் போன பிறகு வேம்பு யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. தன் தென்னந்தோப்பில் காய் பறிப்பவர்களைச் சாப்பிட அழைக்கவும் வெயிலில் நடந்தே போவாள்.

ஆடியில் புது ஆற்றின் கடைமடைக்கும் தண்ணீர் வந்தது. ஒரு மத்தியானம் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மதகுப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "ஜியோ தி." வீரையனுக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது. ஆனால் குரல் அவனுடையது.

அவள் துவைப்பதை நிறுத்தினாள். படியிலேயே உட்கார்ந்து, அது ஓயும்வரை கேட்டாள்.

இப்போது தினமும் போகிறாள், துவைக்கத் துணியில்லாத நாளிலும்.