ஓரத்தில் எழுதியவர்

என் மனைவி வணிகக் கல்லூரியில் கணக்கியல் பேராசிரியர். நான் தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கிறேன். அவள் மூன்று பட்டம் வாங்கியவள். நான் முதல் பட்டத்தின் பாதியிலேயே சித்தப்பா கடைக்கு ஆள் போதவில்லை என்று இழுத்துவரப்பட்டவன். எங்கள் கல்யாணத்தில் இரண்டு வீட்டாருமே தங்களுக்குத்தான் லாபம் என்று ரகசியமாக நினைத்துக்கொண்டார்கள். எந்த வியாபாரமும் அப்படித்தான் முடிய வேண்டும்.

அவள் வேலைக்கு ஏழு வருடக் கெடு. ஏழாவது வருட முடிவில் ஒரு குழு கூடும். ஒன்று வேலை நிரந்தரம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டும். நல்லாசிரியர் என்று மாணவர்கள் எழுதிக் கொடுப்பதெல்லாம் தேநீரோடு வரும் பிஸ்கட் மாதிரி. குழுவுக்கு வேண்டியது பெரிய ஆய்விதழில் இன்னும் ஒரே ஒரு கட்டுரை.

கட்டுரை இதுதான். ஒரு கம்பெனிக்குப் புதுத் தலைவர் வந்ததும், கிடங்கில் இருக்கும் பழைய சரக்கெல்லாம் குப்பை என்று முதல் வருடமே கணக்கில் தள்ளிவிடுகிறார். நஷ்டம் முன்னவர் தலையில். அடுத்த வருடம் லாபம் தானாகத் துள்ளுகிறது, புதியவர் மாலை வாங்கிக்கொள்கிறார். நானூறு கம்பெனிகளின் கணக்கைத் தோண்டி இதைச் சொல்லியிருந்தாள்.

"இதைக் கண்டுபிடிக்கவா நாலு வருஷம்?" என்று நான் ஒருமுறை கேட்டு, இரண்டு நாள் என் சட்டையை நானே தேய்த்துக்கொண்டேன்.

ஆய்விதழ் அதை இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியது. அவர்கள் யார் என்று இவளுக்குத் தெரியாது, இவள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. குழு கூடுவதற்குப் பதினோரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது சமையல் மேடையில் கணினியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போச்சுங்க. ரெண்டாவது ஆள் ஒன்பது பக்கம் திட்டியிருக்கார். முப்பத்தோரு குறை!"

"முதல் ஆள்?"

"நாலே வரி. 'சுவாரஸ்யமான முயற்சி, வாழ்த்துகள்'னு. அவர் ஒருத்தர்தான் நம்ம பக்கம்."

"அவர் வாங்க மாட்டார்."

"பாராட்டியிருக்காருங்க!"

"கடைக்குள்ள வந்து, 'அடடா, அழகா அடுக்கியிருக்கீங்களே'ன்னு சொல்லிட்டுப் போறவங்க தினம் பத்துப் பேர். ஒரு பைசாவுக்கு வாங்க மாட்டாங்க. டைலைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்துல பிடிச்சு, மூலை சரியில்ல, கலர் மங்கல், எதிர்க்கடையில பாதி விலைன்னு ஒரு மணி நேரம் கழுத்தறுப்பான் பாரு, அவன்தான் வீட்டுல குளியலறையை அளந்துட்டு வந்தவன். உன் ரெண்டாம் நம்பர் அளந்துட்டு வந்திருக்கார்."

இரண்டு விநாடி முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறைக்கும் வரிசையாகப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றையும் நன்றியோடு தொடங்க வேண்டும். முப்பத்தோரு குத்து, முப்பத்தோரு நன்றி. எங்கள் கடைத்தெருவில் வசூலுக்கு வருபவர்கள்கூட இவ்வளவு பணிவு காட்டியதில்லை. பதில் கடிதத்தை முடித்து, "படிச்சுப் பாருங்க, எங்கயாவது கோபம் தெரியுதா சொல்லுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். நான் கோபத்தைத் தேடவில்லை. பேரத்தைத் தேடினேன். கணினியில் ஓரத்தில் குறிப்பெழுத இடம் இருக்கிறதே, அங்கே என் கைவரிசையைக் காட்டினேன்.

ஆறாவது குறைக்குப் பக்கத்தில்: 'இதை உடனே கொடுத்துடு. நமக்கு மூலையில கிடக்கிற சரக்கு, அவருக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கும்.'

பத்தொன்பதாவதில் அந்த ஆள் நான்காம் அட்டவணையையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அங்கே: 'இதுல இறங்காதே. எழுந்து போற மாதிரி நடிப்பார், படிக்கட்டு வரைக்கும் போவார். கூப்பிடாதே.'

இருபத்தேழாவதில்: 'என் சித்தப்பா இந்தக் கடையை வாங்கின அன்னிக்கு பழைய டைலெல்லாம் குப்பைன்னு எழுதினார். எதையும் தூக்கிப் போடலை. அடுத்த வருஷம் முழு விலைக்கு வித்தார். உன் கம்பெனிக்காரங்களும் அப்படித்தானான்னு பாரேன்.'

சனிக்கிழமை காலை அவள் கடிதத்தை அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் "ஐயய்யோ" என்று ஒரு குரல். பல் தேய்த்தபடியே ஓடினேன். சுத்தமான பிரதி கணினியிலேயே இருந்தது. என் குறிப்புகளோடு இருந்த பிரதி போயிருந்தது.

"திருப்பி வாங்க முடியாதா?"

"முடியாது. இதழாசிரியருக்கு எழுதினேன், மாசக் கடைசி வரைக்கும் விடுமுறைன்னு தானியங்கிப் பதில் வருது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏழு வருட உழைப்பை என் வாய்க்கொழுப்பு தின்றுவிட்டது என்று நானே என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியருக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க இனிமே எதுலயும் எழுதாதீங்க. மளிகை லிஸ்ட்லகூட."

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. படிக்க அவளுக்குத் தைரியமில்லை. கணினியை என் பக்கம் திருப்பினாள். நான் சத்தமாகப் படித்தேன்.

முதல் மதிப்பீட்டாளர், ஓரக்குறிப்புகள் ஆய்விதழின் கண்ணியத்துக்கு இழுக்கு என்றும், கட்டுரையை நிராகரிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். நான் சொன்னேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாமவர் இப்படி எழுதியிருந்தார்: 'ஆறாவதை உடனே கொடுத்ததற்கு நன்றி. அது மூலையில் கிடந்த சரக்கு என்று தெரியாமல் மகிழ்ந்திருந்தேன். பத்தொன்பதாவதில் படிக்கட்டு வரை போனேன். யாரும் கூப்பிடவில்லை, திரும்பி வந்துவிட்டேன், அட்டவணை இருக்கட்டும். ஆனால் இருபத்தேழாவதில் ஓரத்தில் எழுதியவர் சொல்வதை யாராவது சோதித்தார்களா? அது உண்மையென்றால் இந்தக் கட்டுரையை நான் வாங்கிக்கொள்கிறேன்.'

கீழே இதழாசிரியர்: 'சோதித்து அனுப்புங்கள். இம்முறை ஓரங்களைத் துடைத்துவிட்டு.'

அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மூன்று வாரம் மனுஷியாகவே இல்லை. கம்பெனி கம்பெனியாகக் கிடங்குக் கணக்கைப் பிரித்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எண்கள், குளியலறைக் கண்ணாடியில் எண்கள். குப்பை என்று தள்ளிய சரக்கு அடுத்த வருடமே நல்ல விலைக்குப் போன கம்பெனிகள் இருநூற்றுப் பதினேழு.

"உங்க சித்தப்பா தனி ஆள் இல்லைங்க, பெரிய கூட்டமே இருக்கு!" என்று கத்தினாள்.

அனுப்பிய பத்தாம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் குழு கூடியது.

அன்று கடையில் ஒரு அம்மா, சாம்பல் நிற டைலை முக்கால் மணி நேரமாக வைதுகொண்டிருந்தார். அறை நீளம் அகலமெல்லாம் சீட்டில் குறித்து வந்தவர். பேரம் பழுத்து வரும் நேரத்தில் போன் அடித்தது.

"நிரந்தரம்ங்க! எல்லாரும் கை தூக்கினாங்க. ஒருத்தர்கூட மறுக்கலை!"

என் முகமெல்லாம் சிரிப்பு. எதிரே அந்த அம்மா, "கடைசியாக் கேக்கறேன், பாதி விலைக்குக் கொடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்றார்.

"எடுத்துக்கோங்கம்மா!" என்றேன்.

அவர் கை நின்றது. டைலைத் திருப்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் சிரிக்கறீங்க? இதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்லம்மா, சத்தியமா!"

"கேட்ட உடனே கொடுக்கறீங்கன்னா ஏதோ இருக்கு" என்று டைலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

"என்னங்க சத்தம்?" என்றது போன்.

"ஒண்ணுமில்லம்மா. கடையைச் சாத்திட்டு வரேன்."