விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

கனாத் வந்து உட்கார்ந்தால் எளிதில் எழ மாட்டான். அவனுடைய அக்கா குல்சாத் கிண்ணத்தில் இரண்டு மடக்குத் தேநீர் ஊற்றுவாள். குடித்ததும் மறுபடி இரண்டு மடக்கு; இன்னும் இரு என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை காலையில பஸ்ஸு. எகடெரின்பர்க்ல உங்களுக்கும் சேத்துச் சொல்லி வச்சிருக்கேன் அத்தான். கிடங்குல பெட்டி தூக்கணும், அவ்வளவுதான்" என்றான் அக்காவின் கணவன் மிர்லானிடம்.

"அவருக்கு இங்கயே வேலை கெடைக்கும்" என்றாள் குல்சாத்.

"அந்தப் பால் கம்பெனியா? இன்னும் எத்தன தடவ கூப்பிடுவாங்க? பொண்ணு கேக்கக்கூட இவ்வளவு தடவ போக மாட்டாங்க."

குல்சாத் தம்பியின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். கனாத் அதைப் பார்த்தான்.

"சரி, சரி. கெளம்புறேன்."

"குடிச்சிட்டுப் போடா."

"போடான்னு வாயாலயே சொல்லியிருக்கலாம். எதுக்கு இவ்வளவு தேயிலை வேஸ்ட்டு?"

மிர்லான் சிரித்துக்கொண்டே மைத்துனனை வாசல் வரை கொண்டுபோய் விட்டான்.

மிர்லான் பழைய பால் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஆலை மூடிவிட்டது. புதிய கம்பெனி ஒன்று ஆய்வகத் தலைவர் தேவை என்று விளம்பரம் செய்திருந்தது. குல்சாத்துக்கு வசந்தத்தில் குழந்தை பிறக்கும். அப்போது அவன் வேற்று நாட்டில் அல்ல, சொந்த ஊர் பிஷ்கெக்கில் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

முதல் நேர்காணல் கைபேசித் திரையில் நடந்தது. பெகாயிம் என்ற இளம்பெண், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள். கடவுள் வைத்த இடத்தில் என்றான். அவள் எதையோ குறித்துக்கொண்டாள். அடுத்த முறை ஒரு தாளைக் கொடுத்து, உலகில் இல்லாத ஒரு மிருகத்தை வரையச் சொன்னார்கள். அவன் வரைந்ததற்குப் பற்கள் இல்லை. தலைமைக் குணம் குறைவு என்றார் அதைப் பார்த்தவர். மூன்றாவது முறை மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். லைசென்ஸ் இருக்கிறதா, பனியில் வண்டி ஓட்டுவீர்களா, சீக்கிரம் எழுவீர்களா என்றார்கள். பாலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கொழுப்பு, புளிப்பு, மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் கலப்பது எல்லாவற்றையும் அவன் படித்துக்கொண்டு போயிருந்தான்.

வியாழக்கிழமை கம்பெனி இயக்குநர் எர்னிஸ் அசானோவிச் கூப்பிட்டார். அவருக்கு மிர்லானின் வயதுதான் இருக்கும். நன்றாகக் கை குலுக்கினார். உட்காரச் சொன்னார். தானே கெட்டிலை எடுத்தார்.

"நெறைய பேசணும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். தேநீர் ஏறியது. பாதியில் நிற்கவில்லை. முக்காலில் நிற்கவில்லை. விளிம்பைத் தொட்டு, தட்டிலும் கொஞ்சம் சிந்தியது.

மிர்லான் கிண்ணத்தையே பார்த்தான். இயக்குநர் எதையோ எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். மிர்லான் நாக்கு வெந்துபோகக் குடித்து முடித்தான். விருந்து முடித்து எழுபவர்களின் வழக்கப்படி இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

"நன்றி எர்னிஸ் அசானோவிச். உங்க தொழில் நல்லா நடக்கட்டும்."

இயக்குநர் ஒரு கோப்போடு திரும்பியபோது அவன் கதவைத் தாண்டியிருந்தான்.

வீட்டில் குல்சாத் கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"டீ ஊத்தினாரு."

"எவ்வளவு?"

"தட்டுல வழிஞ்சுது."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். கம்பளிக் காலுறைகளை முதலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் கனாத் அவனுக்கு ஜன்னலோர இடம் பிடித்திருந்தான். மிர்லான் படியில் கால் வைத்தபோது கைபேசி அடித்தது. பெகாயிம்.

"ஏன் பாதியில எழுந்து போயிட்டீங்க? உங்களுக்கு எங்க கம்பெனி பிடிக்கலைன்னு டைரக்டர் வருத்தப்படுறாரு."

"அவர்தான் போகச் சொன்னாரு."

"போகவா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கிண்ணத்த நெறச்சாரு."



"அண்ணே, அவரு மாஸ்கோவுல வளந்தவரு. பெரிய கப்புல ரொப்பிக் குடிச்சுத்தான் பழக்கம். நெறைய ஊத்தினா மரியாதைன்னு நெனச்சிருப்பாரு. நீங்க ஒடனே திரும்பி வாங்க." பிறகு தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள். "போன மாசம் வந்த ரெண்டு பேரும் இதனாலதான் ஓடுனாங்களா?"

கனாத் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"போயிட்டு வாங்க அத்தான். ஆனா டிரைவர் உங்களுக்காக நிக்க மாட்டாரு."

மிர்லான் பையோடு கம்பெனிக்கு டாக்ஸி பிடித்தான்.

எர்னிஸ் அசானோவிச்சின் முகம் சிவந்திருந்தது. பெகாயிம் சொல்லிவிட்டிருந்தாள். கெட்டிலை மருந்து ஊற்றுவதுபோல் சாய்த்தார். கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்தது.

"இது சரியா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்."

ஊற்றினார். பிறகு உட்கார்ந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கணும். லேப் இன்னும் கட்டலை. அனுமதி வரல. இப்போதைக்கு விடியக்காலம் வண்டி எடுத்துட்டு ஊர் ஊராப் போய்ப் பாலச் சோதிக்கணும். விளம்பரத்துல அத நாங்க போடல."

"அதுக்குத்தான் லைசென்ஸ் கேட்டீங்களா?"

"ஆமா."

"லேப் எப்ப வரும்?"

"தெரியாது. பொய் சொல்ல விரும்பல."

மிர்லான் பையைப் பார்த்தான். அதன் வாயில் ஒரு காலுறை துருத்திக்கொண்டிருந்தது.

"எத்தன மணிக்கு வீட்டுக்கு வரலாம்?"

"மத்தியானத்துக்குள்ள."

"தெனமுமா?"

"தெனமும்."

கைபேசி அதிர்ந்தது. கனாத். பின்னால் எஞ்சின் உறுமியது.

"அத்தான், வண்டிய எடுக்கப் போறாங்க. என்ன ஆச்சு?"

மிர்லான் காலிக் கிண்ணத்தை மேசை மேல் நகர்த்தினான். இயக்குநர் கெட்டிலை எடுத்துக் கவனமாகச் சாய்த்தார்.

"சீட்ட வேற யாருக்காவது குடுத்துடு மச்சான்."

"எவ்வளவு ஊத்துறாரு?"

மிர்லான் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு மடக்கு" என்றான்.