காரவள்ளிப் பேருந்தில் ஒரு காந்த வில்லை

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இயற்பியல் ஆய்வேட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான்.

மாங்கனீசு கலந்த ஆக்சைடுப் பொடியைச் சுட்டு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை செய்திருந்தேன். அது ஒரு குறைகடத்தி. குளிர்ந்தால் காந்தமாகவும் மாறும். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறி, காந்தமாகும் வெப்பநிலைக்கு அருகில் உச்சியைத் தொட்டு, பிறகு சரிகிறது என்பது என் கண்டுபிடிப்பு. என் நெறியாளர் பானுமதி அம்மையார் அதை ஏற்கவில்லை.

"கம்பியை ஒட்டிய வெள்ளிப் பசை குளிர்ல விட்டிருக்கும், மேகலா. விட்ட பசை திரும்ப ஒட்டாது. மறுபடி சூடாக்குங்க, அதே உச்சி வந்தா நம்புறேன். திங்கட்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற தலைப்புக்கு மாறிடலாம்."

ஆய்வகத்தின் குளிரூட்டும் கருவியோ பழுதாகிக் கிடந்தது. ஆகவே, சனிக்கிழமை மலைமேல் இருக்கும் என் ஊரான வாழவந்தி நாட்டுக்குத் திரும்புகையில் வில்லையையும் உடன் கொண்டுசென்றேன். மார்கழி மாதம். ஏறும்போது மலையே குளிர்விக்கும்; ஞாயிறன்று இறங்கும்போது அடிவாரமே சூடேற்றும்.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் வில்லை இருந்த தகர டப்பாவைச் சன்னலோரம் பிடித்துக்கொண்டேன். டப்பாவிலிருந்து நீண்ட கம்பிகளில் இணைத்து என் மடியில் வைத்திருந்த மீட்டரையும் தெர்மோமீட்டரையும் கைப்பேசி படம்பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, வெடிகுண்டு ஏதுமில்லீங்களே?" என்றார் நடத்துநர் அர்த்தனாரி.

"இல்லீங்க. இதுக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தங்க இருக்குதுங்க. ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்னா மின்சாரம் நுழைய முடியாது. குளிர்ந்தா எல்லாம் ஒரே பக்கம் திரும்பி வழிவிடும்."

"அப்போ இந்த பஸ்ஸையும் கொஞ்சம் குளிர வெச்சுக் குடுங்க, டிக்கெட் போட முடியலை!"

வளைவுகள் ஏற ஏற மின்தடையும் ஏறியது. இருபத்துமூன்று டிகிரியில் உச்சி. அதன்பின் சரியத் தொடங்கியது. மகிழ்ந்திருந்தேன். அதற்குள், மிளகு விற்றுத் திரும்பிக்கொண்டிருந்த சென்னம்மாள் என்ற பக்கத்து இருக்கை அம்மாள், டப்பாவை எடுத்துத் தம் கம்பளிக்குள் மடியோடு சேர்த்துப் பொதிந்துகொண்டார்.

"உன் கை வெறைச்சுப் போச்சு பாரு கண்ணு. ஊடு வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்."

பெரியவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அளவீடு கெட்டது என்றே எண்ணினேன். ஆனால் அவருடைய மடிச்சூட்டில் மின்தடை மீண்டும் ஏறியது. இருபத்துமூன்றில் அதே உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கியது.

கூவிவிட்டேன் போலும், பேருந்தே திரும்பிப் பார்த்தது.

கடைசி வளைவில் எதிரே லாரி வர, ஓட்டுநர் பிரேக் அடித்தார். டப்பா உருண்டு விழுந்து வில்லை உடைந்தது.

"ஐயோ சாமி, நானே கெடுத்துட்டனே!"

"இல்லீங்கம்மா. நீங்க பொத்தி வெச்சதுனாலதான் தப்பிச்சேன். நாளைக்கு எறங்கறப்பதான் சூட்டுல அளக்கலாம்னு இருந்தேனுங்க."

அன்று மாலையே அம்மையாருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார். "பசை விட்டிருந்தா உச்சி இப்படித் திரும்பி வராது, மேகலா. இதே தலைப்புதான். இன்னொரு வில்லை சுடுங்க."

அப்பயணத்தில் இழந்தவை: வில்லை ஒன்று, வெள்ளிக் கம்பிகள் மூன்று, தகர டப்பாவின் மூடி, புது வில்லை செய்து முடிப்பதற்குள் கடந்துபோன, ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய ஒரு பருவம்.