டம்மி அண்ணன்

“டம்மி அண்ணனைக் காணோம்மா!”

போனில் அவசரப் பிரிவு நர்ஸ் அக்கா அலறினாள். போனை எடுத்தவள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டம்மி அண்ணன் என்று ஓர் ஆளே கிடையாது. சோதித்துப் பார்ப்பதற்காக அவள் உருவாக்கி வைத்திருந்த போலி நோயாளி. காலையில் புதிய சிஸ்டத்துக்கு மாறியபோது, திட்டப்படி அவனைத் துடைத்துவிட்டாள்.

“அது டெஸ்டுக்கு வெச்சதுக்கா. அழிச்சாச்சு.”

“அடிப்பாவி! பேரு தெரியாம வர்றவங்களை நாங்க அதுலதானே ஏத்துவோம்? பேரு போடலைன்னா உன் மெஷின் உள்ளயே விடாதுல்ல!”

அவள் சிரிப்பு நின்றது.

விபத்தில் அடிபட்ட ஒருவன் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கிறான். தனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறான்; பேரைச் சொல்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. விடியற்காலையில் அதை டம்மி அண்ணன் பேரில் பதிந்த நர்ஸ் டூட்டி முடிந்து கிளம்பிவிட்டாள், போனை எடுக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் காத்திருக்கிறார்.

மாறுவதற்குச் சற்று முன் எடுத்த பழைய சிஸ்டத்தின் நகல் இருந்தது. ஆனால் இருப்பதோ ஒரே சர்வர். பழையதை எழுப்பினால் புதியதைப் படுக்கவைக்க வேண்டும். காலையிலிருந்து பதிந்ததெல்லாம் போய்விடும்.

பின்னால் நிர்வாக அதிகாரி நின்றிருந்தார்.

“மறுபடியும் பழசுக்கா? ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்தறேன்னு சொதப்பியாச்சு. இதுவும் கவுந்தா வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?”

“தெரியும் சார்.”

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

எல்லா வார்டுகளிலும் திரைகள் இருண்டன. மேஜையிலிருந்த மற்ற போன்கள் ஒன்றையடுத்து ஒன்று அலறின. அவள் எதையும் எடுக்கவில்லை. அவள் திரையில், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு பாதி தூரம் ஓடிவந்து, அப்படியே நின்றது.

“அக்கா, லைன்லயே இருங்க.”

“எங்க போறது? டாக்டர் தியேட்டருக்குள்ளேருந்து என்னை முறைக்கிற முறைப்புல நானே மயங்கிடுவேன் போல.”

கோடு அசைந்தது. பழைய திரை வந்தது. டம்மி அண்ணனும் வந்தான். அவன் பெயருக்குக் கீழே இருந்த மருந்தை அவள் எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

மறுமுனையில் எதையோ தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா?”

“அதேதாம்மா.” அக்காவின் குரல் இறங்கியிருந்தது. “ஊசியில ஏத்திக் கையில வெச்சிருந்தார். இப்பதான் கீழ வெச்சார்.”

அதன் பிறகுதான் அவள் மற்ற போன்களை எடுக்கத் தொடங்கினாள்.

அதிகாரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த தடவை மாத்தறது நீங்களா, கம்பெனியான்னு நாளைக்குச் சொல்றேன்.”

“சரி சார். யாரு செஞ்சாலும், முதல்ல ஒரு நாள் அவசரப் பிரிவுல போய் உக்காரச் சொல்லுங்க. அதுவரைக்கும் டம்மி அண்ணன் மேல கை வைக்க வேணாம்.”